ஊதாக் கறை

புன்தா அரேனாஸில் காற்று கதவைத் தட்டாது,
தள்ளிக்கொண்டு வரும்.
அன்றைக்கு யெர்கோவையும் சேர்த்துத் தள்ளிவிட்டது.
மார்போடு அணைத்த கம்ப்யூட்டர். பின்னாலேயே
மகள் மிலென்கா, ஆறு வயது,
கம்பளித் தொப்பிக்குள் பாதி முகம்.
"ஒழுகுது நெலிடா. கார்டு மேல ஊதாவாக் கறை.
ஆறு மாசத்துத் திமிங்கிலச் சத்தம் உள்ளே இருக்கு."

பார்த்த உடனே ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறான்.
நல்ல ஆள்.
பாதிப் பேர் 'ஓடத்தானே செய்யுது' என்று
புகை வரும்வரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றினேன்.
குழாயில் நிற்கும் திரவம் ஊதா.
கிராபிக்ஸ் கார்டின் முதுகில் காய்ந்து கிடந்ததும் ஊதா.
வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.
ஆனால் கசிகிற நீர் மேலே ஏறாது.
அந்தக் கறைக்கு மேலே குழாய் இல்லை, இணைப்பு இல்லை,
ரேடியேட்டர்கூட முன்பக்கம்தான்.
மூடியில் வரிசையாய்க் காற்றுத் துளைகள் மட்டும்.

வைத்துவிட்டுப் போ, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பன்னிரண்டு இணைப்புகள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் டிஷ்யூ சுற்றி
மற்ற எதற்கும் மின்சாரம் கொடுக்காமல்
பம்பை மட்டும் ஓடவிட்டேன்.
மூன்று மணி நேரம் அது முணுமுணுத்தது.
நான் பக்கத்தில் உட்கார்ந்து
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
வெள்ளைத் தாளில் ஊதா வருமா என்று பார்த்தேன்.
வரவில்லை.
ஒழுகாத ஒன்றை ஒழுகவில்லை என்று நிரூபிப்பது
ஒழுகுவதைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

நீரை வடித்தேன். கைப்பம்பால் காற்றடைத்தேன்.
மானியின் முள் அரை பாரில் நின்றது.
ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் முள் ஒரு நூல் இறங்கியிருந்தது.
என் வயிறு ஒரு முழம் இறங்கியது.
பன்னிரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து,
ஓ-ரிங்குகளைச் சந்தேகப்பட்டு,
என்னையே சந்தேகப்பட்டு,
கடைசியில் விரல் விறைத்துப்போக
ஹீட்டரைப் போட்டு மாத்தே குடிக்க உட்கார்ந்தேன்.
இரண்டாம் குவளை காலியாகும்போது
முள் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது.
இந்த ஊர்க் குளிரில்
அடைபட்ட காற்றும் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் தூங்கும் போல.

பிறகு கடை விளக்கை அணைத்துப்
புறஊதா டார்ச்சை அடித்தேன்.
வடித்து வைத்த பாட்டில் பேய்போல் ஒளிர்ந்தது.
கறை கறுப்பாகவே கிடந்தது.
ஊசியால் நெம்பினேன்.
ஒரு விதை.
கலஃபாத்தே.
ஜாம்.

மாலையில் இரண்டு பேரும் வந்தார்கள்.
ரசீதில் எழுதியிருந்தேன்:
கசிவு இல்லை. வெளிப்பொருள். துடைக்கப்பட்டது.
"வெளிப்பொருள்னா?" என்றான் யெர்கோ.
தொப்பி மூக்குவரை இறங்கியது.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழி, இதுதான் என் பிழைப்பு.
"மேல துளை இருக்கு, எதையும் வைக்காதே" என்றேன்.
"நான் வைக்கிறதில்லையே."
வெளியே தகரம் ஒன்று அடித்துக்கொண்டது.

"அது கத்திக்கிட்டே இருந்துச்சு"
என்றது தொப்பி.
"நீ தூங்கிட்டே. அதுக்குப் பசிச்சுது.
ரொட்டி துளையில போகல. ஜாம் மட்டும் போச்சு."

கோபப்படுவான் என்று நினைத்தேன்.
அவன் குனிந்து
வேலையில் கேட்கிற குரலிலேயே கேட்டான்:
"எந்தத் திமிங்கிலம்?"

"மெதுவாப் பேசுமே, அது."

இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள்.
நான் வெளிப்பொருள் என்பதை அடித்துவிட்டு
உணவு என்று எழுதினேன்.
நிறமில்லாத திரவத்தை ஊற்றி நிரப்பினேன்,
குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலே வர
பொறுமையாய்ப் பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து.